சிறையில் மடிந்த பத்திராதிபர்

பத்திரிகை நடத்துவோருக்கு அரசாங்கத்தின் கோபம் ஒரு சோதனை. அதன் தயவு மற்றொரு சோதனை. இவற்றுள் பின்னதே கொடிது என்பது நமது அபிப்பிராயம். கோபம் அச்சுயந்திரத்தைப் பறிமுதல் செய்யும். தயவோ அதை நடத்துகிறவனையே பறிமுதல் செய்துவிடும். இவ்விரண்டுக்கும் பணியாது உயிர்நீத்த மெக்ஸிகோ தேசத்துப் பத்திராதிபர் ரிகார்டோ புளோரஸ் மாகோனின் சரித்திரத்தை நமது நேயர்கள் அறிதல் நலம்.

அவர் 1870-களின் முற்பகுதியில், மெக்ஸிகோவின் சுதந்திரத் திருநாளாகிய செப்டம்பர் 16-ந் தேதியன்று, ஓஹாகா மாகாணத்து மலைநாட்டிலே பிறந்தார். அவர் வளர்ந்த காலத்தில் அந்நாடு சேனாதிபதி போர்பிரியோ டியாஸின் கைக்குள் இருந்தது. தேர்தல் பெயரளவில் நடந்தது. குடியானவர் நிலங்கள் பெரும் பண்ணைகளிலே மறைந்தன. சுரங்கங்களில் அந்நிய முதலாளிகள் கொழுத்தனர். தலைநகரில் சட்டம் பயின்ற மாகோன், டியாஸ் மீண்டும் ஜனாதிபதியாவதை எதிர்த்த மாணவர் கிளர்ச்சியில் 1892-ல் கைதானார்.

1900-ம் வருஷம் ஆகஸ்டு 7-ந் தேதி, தமையனார் ஹெஸூஸுடனும் மற்றொரு வழக்கறிஞருடனும் சேர்ந்து ‘ரெஹெனெராஸியோன்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். புத்துயிர் பெறுதல் என்பது அப்பெயரின் பொருள். முதலில் அது நீதிஸ்தலங்களின் அநீதிகளையே கண்டித்தது. வியாதியின் வேர் ஜனாதிபதியின் ஆசனத்திலேயே இருப்பதைக் கண்டதும், அவ்வாசனத்தையே தாக்கலாயிற்று. 1901-ல் சகோதரர்கள் சிறைப்பட்டனர். அவர்கள் சிறையில் இருக்கும்போதே தாயார் காலமானார். 1903-ல் நீதிமன்றம், மாகோன் சகோதரர்களின் எழுத்தை எந்தப் பத்திரிகையும் வெளியிடலாகாதென்று தடை விதித்தது. தாய்நாட்டில் எழுத வழியற்றவர், 1904 ஜனவரியில் எல்லை கடந்து அமெரிக்காவின் டெக்ஸாஸை அடைந்தார்.

அங்கே அவருக்கு வேறொரு தேசமே காத்திருந்தது எனலாம். டெக்ஸாஸ், அரிஸோனா, கலிபோர்னியா முதலிய பிரதேசங்கள் முன்பு மெக்ஸிகோவைச் சேர்ந்திருந்தவை. ஆங்கே மெக்ஸிகர்கள் இருப்புப்பாதை போட்டனர், தாமிரம் வெட்டினர், பருத்தி பறித்தனர். அரிஸோனாச் சுரங்கங்களிலே வெள்ளையருக்கு ஒரு கூலி, மெக்ஸிகருக்கு அதனினும் குறைந்த கூலி. 1904 நவம்பரில் ஸான் அன்டோனியோ நகரில் மீண்டும் வெளிவந்த பத்திரிகை, இவர்களுடைய குரலாயிற்று. எழுத்தறிந்தவர் வாசிக்க, அறியாதார் சூழ்ந்திருந்து கேட்டனர். எல்லைக்கு அப்பாலும் அது இரகசியமாய்ச் சென்றது.

1906 ஜூலை 1-ந் தேதி மாகோனின் கட்சி வெளியிட்ட திட்டத்தில் எட்டு மணி வேலை, குறைந்தபட்சக் கூலி, உழுவோருக்கு நிலம் ஆகியவை இடம்பெற்றன. அந்நிய நாட்டில் வாடும் மெக்ஸிகர் திரும்ப விரும்பினால், வழிச்செலவும் விளைநிலமும் அரசாங்கம் தரவேண்டுமென்றும் அது கோரிற்று. 1910 நவம்பரில் டெக்ஸாஸின் ராக்ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் ஒரு மெக்ஸிகத் தொழிலாளியை விசாரணையின்றி ஒரு கும்பல் உயிரோடு எரித்தபோது, அக்கொடுமையை அப்பத்திரிகை உலகறியச் செய்தது.

சுதந்திர பூமி எனப் பேர்பெற்ற நாடு அவரை எப்படி நடத்திற்று? 1907-ல் லாஸ் ஏஞ்ஜல்ஸில் துப்பறிவோர் வாரண்டு இன்றியே அவரைப் பிடித்தனர். நடுநிலைமைச் சட்டத்தை மீறினாரென்று 1910 ஆகஸ்டு வரை சிறை வைத்தனர். 1911-ல் அவர் கட்சியார் எல்லையோர நகரங்களான மெஹிகாலி, டிஹுவானா இரண்டையும் பிடித்துச் சில மாதங்களில் இழந்தனர். அதன்பொருட்டு மீண்டும் சிறை.

அவரிடம் குறையே இல்லை என்று நாம் சாதிக்க வரவில்லை. அரசாங்கமே வேண்டாமென்னும் அவரது முடிந்த கொள்கை நமக்கு உடன்பாடன்று. டியாஸை வீழ்த்திய மதேரோவோடு இணங்க மறுத்ததால், தமையனாரையும் பழைய நண்பர் பலரையும் இழந்தார். ஆனால் அவர் விலைபோனார் என்று சொல்ல எவருக்கும் வாயில்லை.

1918 மார்ச்சில் உலகத் தொழிலாளருக்கு ஓர் அறிக்கை வெளியிட்டார். அவ்வோர் அறிக்கைக்காக, 1917-ம் வருஷத்து வேவுச் சட்டத்தின்கீழ் 20 வருஷத் தண்டனை கிடைத்தது! பத்திரிகைச் சுதந்திரத்தைக் குறைக்கும் சட்டம் கூடாதென்று அந்நாட்டு அரசியலமைப்பின் முதல் திருத்தமே விதித்திருக்கிறது. காகிதத்தில் எழுதிய உரிமை, அதைக் காக்கும் ஜனங்கள் இல்லாதபோது வெறுங் காகிதமே என்பதைச் சட்டம் பயின்ற நாம் வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கான்ஸஸ் மாகாணத்து லெவன்வொர்த் சிறையில் அவரது கண்பார்வை மங்கிற்று. அப்போதுதான் தயவு வந்தது. 1920-ல் மெக்ஸிகோ பிரதிநிதிகள் சபை அவருக்கு உபகாரச் சம்பளம் அளிக்க முன்வந்தது. ஏழைத் தொழிலாளியின் உழைப்பிலிருந்து வசூலித்த பணம் தமக்கு வேண்டாமென்றார். குற்றத்துக்கு வருந்தினால் மன்னிப்புக் கிட்டலாமென்றனர். செய்யாத குற்றத்துக்கு வருந்துவதெப்படி என்று மறுத்தார். 1922 நவம்பர் 21-ந் தேதி சிறையறையிலே மாண்டார். இருதய நோய் என்றனர் அதிகாரிகள். உடனிருந்த தோழர் லிப்ரடோ ரிவேரா அதை நம்பவில்லை. மெக்ஸிகோவின் ரயில்வே தொழிலாளர் அவர் உடலைத் தாயகத்துக்கு எடுத்துச் சென்றனர்.

1945-ல் அவ்வுடல் தேசத்தின் மேன்மக்கள் துயிலும் மண்டபத்தில் வைக்கப்பட்டது. 2022-ம் வருஷத்தை மெக்ஸிகோ அரசாங்கம் அவர் பெயராலேயே அழைத்தது. மாண்ட பத்திராதிபருக்கு மாலையிடுதல் எந்த அரசாங்கத்துக்கும் எளிது. உயிரோடிருக்கும் பத்திராதிபரைப் பொறுத்தலே அரிது. அத்தகையவரைத் தாங்கவேண்டியவர் யார்? கூலியிற் காசு மிச்சம்பிடித்துப் பத்திரிகை வாங்கிய அந்தச் சுரங்கத் தொழிலாளர், அதற்கு விடையளித்துச் சென்றிருக்கின்றனர்.