18 வயதில் போட்ட லிஸ்ட்... 82 வயது வரை முடியலை! - டால்ஸ்டாய் சொல்லும் பாடம்

உங்க போனில் நோட்ஸ் ஆப்பைத் திறந்து பாருங்க. சீக்கிரம் எழணும், வெட்டிச் செலவு கூடாது, ஜிம்முக்குப் போகணும்னு ஒரு லிஸ்ட் இருக்கும். தேதியைப் பார்த்தால் போன வருஷத்தது. அதற்கு முந்தைய வருஷமும் கிட்டத்தட்ட இதே லிஸ்ட்தான்.

வெட்கப்படாதீங்க. உங்களுக்கு ஒரு பெரிய ஆள் துணை இருக்கிறார். 'போரும் அமைதியும்' எழுதிய லியோ டால்ஸ்டாய்!

1828-ல் ரஷ்யாவின் யாஸ்னயா பொல்யானாவில் பிரபு குடும்பத்தில் பிறந்தவர். இரண்டு வயது ஆவதற்குள் அம்மா இறந்துவிட்டார். ஒன்பது வயதுக்குள் அப்பாவும் போய்விட்டார். 1847-ல், 18 வயதில், கஸான் பல்கலைக்கழக மருத்துவமனையில் படுத்திருந்தபோது டைரி எழுத ஆரம்பித்தார். கூடவே தனக்குத்தானே விதிகள். எப்போது எழணும், எவ்வளவு சாப்பிடணும், எப்படிப் படிக்கணும் என எல்லாத்துக்கும் ஒரு ரூல். அதே வருஷம் டிகிரி வாங்காமலே படிப்பை விட்டார்.

வீடே போச்சு!

அவரை ஆட்டிப்படைத்தது சீட்டாட்டம். ஆன்லைன் ரம்மியில் சம்பளத்தை விட்டவங்களைப் பார்த்திருக்கோம் இல்லையா, அதே கதைதான். சீட்டாடுவதற்கே தனியாக விதிகள் எழுதி வைத்தார். அப்புறம் அதையும் மீறினார். தினமும் செய்த தப்புகளைக் குறித்துவைக்க ஒரு நோட்டு போட்டார். நோட்டு நிரம்பியதே தவிர, பழக்கம் போகவில்லை. கடைசியில் அவர் பிறந்த பெரிய வீட்டையே விற்கவேண்டி வந்தது. வாங்கியவர் அதைப் பிரித்து எடுத்துப்போய்விட்டார். வந்த பணமும் சீட்டிலேயே கரைந்தது.

இங்கே ஒன்றைக் கவனிங்க. லிஸ்ட் போடும்போதே நமக்குப் பாதி மாறிவிட்ட மாதிரி ஒரு திருப்தி வந்துவிடுகிறது. ஆனால், சீட்டுக்கட்டு முன்னால் உட்காரும்போது லிஸ்ட் பக்கத்தில் இருப்பதில்லை.

ஐம்பது வயதில் திருப்பம்

1862-ல், 34 வயதில், 18 வயது சோஃபியாவைத் திருமணம் செய்தார். பழைய டைரிகளை முன்கூட்டியே படிக்கக் கொடுத்தார். அந்தப் பெண் அதிர்ந்துபோனாலும் கல்யாணம் நின்றுவிடவில்லை. 13 குழந்தைகள். கணவரின் கோழிக்கிறுக்கல் கையெழுத்தை உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பிரதி எடுத்ததும் சோஃபியாதான்.

புகழ், பணம், குடும்பம் எல்லாம் இருந்தும் ஐம்பதை நெருங்கும்போது, எதுக்காக வாழ்கிறோம் என்ற கேள்வி அவரை விழுங்கியது. இந்த முறை நிஜமாகவே மாறினார். வேட்டை, புகை, மது, மாமிசம் என ஒவ்வொன்றாக விட்டார். விவசாயிகளோடு வயலில் இறங்கினார். செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டார். 1881-க்குப் பிறகு எழுதியவற்றுக்கு உரிமைத்தொகை வேண்டாம் என்று அறிவித்தார்.

தென்னாப்பிரிக்காவில் காந்தி 1910-ல் தொடங்கிய பண்ணைக்கு டால்ஸ்டாய் பெயர்தான். நம்ம தமிழ்க் குடும்பங்களும் அங்கே தங்கி உழைத்தன.

பில் கட்டியது யார்?

மாறியது டால்ஸ்டாய். ஆனால், வீட்டுக்கணக்கைப் பார்த்தது சோஃபியா. இத்தனை குழந்தைகளை வைத்துக்கொண்டு சொத்தும் வேண்டாம், புத்தக வருமானமும் வேண்டாம் என்றால் அவர் என்ன செய்வார்? சொத்தைக் குடும்பத்தின் பெயருக்கு எழுதிவைத்தார் டால்ஸ்டாய். ஆனால், அதே பங்களாவில்தான் தொடர்ந்து வாழ்ந்தார். எளிமையைப் பேசிக்கொண்டு வசதியில் இருக்கிறோமே என்ற உறுத்தல் அவருக்கு. தன்னைக் கேட்காமலே வாழ்க்கை மாறிப்போச்சே என்ற வலி சோஃபியாவுக்கு. சண்டை ஓயவே இல்லை.

1910-ல், 82 வயதில், ஒரு ராத்திரி டாக்டரை மட்டும் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பினார். வழியில் நிமோனியா. அஸ்தபோவோ ரயில் நிலையத்தில், ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் உயிர் பிரிந்தது. தேடி ஓடிவந்த சோஃபியாவை, அவர் நினைவு தப்பிய பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

சில நாள்களுக்கு முன்புவரை டைரி எழுதியிருந்தார். நடுவில் வருஷக்கணக்கில் விட்டாலும் மறுபடி மறுபடி அவர் திரும்பி வந்த பழக்கம் அது ஒன்றுதான்.

அதனால, பழைய லிஸ்ட்டை டெலீட் பண்ணாதீங்க. ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்குங்க. விட்டுப்போச்சா, திரும்பவும் தொடங்கலாம். கூடவே, உங்க மாற்றத்துக்கு வீட்டில் யார் விலை கொடுக்கப்போறாங்கன்னு யோசிங்க. முதலில் அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசிடுங்க.