மகாராணி ஜிந்த் கௌர்

நம்ம குழுக் கூட்டத்தில் தீர்மானத்தைப் படித்துக் காட்டாமல் யாரும் கையெழுத்துப் போடுறதில்லை. 1849 மார்ச்சில், லாகூர் அரண்மனையில் பத்து வயசுப் பையன் ஒருவனிடம் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். பஞ்சாப் தேசமே வெள்ளைக்காரர் கைக்குப் போனது. கோஹினூர் வைரமும் கூடவே போனது. பக்கத்தில் நின்று தடுக்க அவன் அம்மா அங்கே இல்லை. இருக்க விடவில்லை.

அந்த அம்மாதான் ஜிந்த் கௌர். 1817-இல் பிறந்தவர். அப்பா அரண்மனை வேட்டை நாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். 1835-இல் சீக்கிய மகாராஜா ரஞ்சித் சிங் இவரைக் கல்யாணம் செய்தார். 1838-இல் மகன் துலீப் சிங் பிறந்தான். மறு வருஷமே மகாராஜா காலமானார். ராணிகள் நாலு பேர் உடன்கட்டை ஏறினார்கள். ஜிந்த் கௌர் ஏறவில்லை. கையில் பத்து மாசம்கூட நிறையாத பிள்ளை.

அடுத்தடுத்து பட்டத்துக்கு வந்தவர்கள் மாண்டுபோக, 1843-இல் ஐந்து வயசு துலீப் ராஜாவானான். மகன் சார்பில் அம்மா ஆட்சி செய்தார். முக்காட்டை விலக்கிவிட்டு தர்பாரில் உட்கார்ந்தார், படைவீரர்களிடம் நேராகப் பேசினார். சுகமான ஆட்சி என்று சொல்ல முடியாது. 1845-இல் சொந்தப் படையே அவருடைய அண்ணனைக் கண்ணெதிரே கொன்றது. அதே வருஷக் கடைசியில் ஆங்கிலேயரோடு போர் மூண்டு, தோல்வியில் முடிந்தது. போர் மூண்டதில் ராணிக்கும் பங்கு உண்டு என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் படையை நடத்திய தேஜ் சிங்தான் எதிரியோடு கைகோத்தான் என்ற பேச்சு இன்றும் உண்டு.

1846 டிசம்பரில் புது ஒப்பந்தம் வந்தது. ராணிக்கு அதிகாரம் கிடையாது, வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட வேண்டும். அவர் ஒதுங்கவில்லை. மறு ஆகஸ்டில் அந்த தேஜ் சிங்குக்கு ராஜா பட்டம் சூட்டும் விழா. திலகம் வைக்க மாட்டேன் என்று சின்னப் பையன் கையைக் கட்டிக்கொண்டான். அம்மா சொல்லிக் கொடுத்ததுதான் என்று பழி போட்டு, தாயையும் பிள்ளையையும் பிரித்தார்கள். ராணியை ஷேக்குபுராவுக்கு அனுப்பி, தொகையை 48,000 ஆகக் குறைத்தார்கள். ஒழுக்கம் கெட்டவள் என்றும் எழுதி வைத்தார்கள். பொம்பளையை அடக்க முடியலைன்னா கடைசியில் அதைத்தானே சொல்றாங்க!

பிறகு காசிக்கு நாடு கடத்தல், நகைகள் பறிமுதல், சுனார் கோட்டையில் சிறை. 1849 ஏப்ரலில் வேலைக்காரி வேஷத்தில் அங்கிருந்து தப்பி, காடு மேடெல்லாம் கடந்து நேபாளம் போய்ச் சேர்ந்தார். அங்கே பத்து வருஷத்துக்கு மேல் தஞ்சம்.

மகன் கிறிஸ்தவனாகி, இங்கிலாந்தில் வளர்ந்தான். 1861-இல் கல்கத்தா ஓட்டல் ஒன்றில் இருவரும் சந்தித்தபோது பையனுக்கு இருபத்திரண்டு வயசு. தலைமுடி வெட்டியிருந்தான். அம்மாவுக்குக் கண்பார்வை மங்கிவிட்டிருந்தது. இனிப் பிரிவதில்லை என்று மகனோடு கப்பலேறினார்.

1863-இல் லண்டனில் இறந்தார். அங்கே உடலை எரிக்க அனுமதி இல்லை. மறு வருஷம் மகன் அம்மாவை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். பஞ்சாபுக்குள் விடவில்லை. நாசிக்கில், கோதாவரிக் கரையில் தகனம் நடந்தது.

பேத்தி சோபியா, லண்டன் தெருக்களில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடியவர். மூத்த பேத்தி பம்பா, 1924-இல் பாட்டியின் அஸ்தியை நாசிக்கிலிருந்து எடுத்துப்போய், லாகூரில் ரஞ்சித் சிங் சமாதியில் சேர்த்தார்.