இருதய வைத்தியர் பால் டட்லி ஒயிட்

அமெரிக்க ஐக்கிய நாட்டில், பாஸ்டன் நகரைச் சார்ந்த ராக்ஸ்பரி என்னுமிடத்தில், 1886-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6-ஆம் தேதி வைத்தியர் ஒருவருக்குப் புதல்வராய்ப் பிறந்தவர் பால் டட்லி ஒயிட். தந்தையார் குதிரை வண்டியிலேறிப் பிணியாளரைக் காணச் செல்லுங்கால் சிறுவரும் உடன் செல்வதுண்டு. 1911-இல் ஹார்வர்டு வைத்தியக் கல்லூரியிற் பட்டம் பெற்ற அவர், பின்னர் லண்டன் மாநகரில் தாமஸ் லூயிஸ் என்பாரிடம், இருதயத்தின் மின்னோட்டத்தைக் கோடுகளாய் வரைந்து காட்டும் கருவியைக் கையாளக் கற்றுத் திரும்பினார். 1924-இல் அமெரிக்க இருதயச் சங்கத்தை நிறுவிய அறுவருள் இவரும் ஒருவர்.

இவை வைத்தியர்க்குரிய பெருமைகளே. நாம் சொல்லப் புகுந்தது வேறு. 1945 ஏப்ரலில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், கடும் இரத்த அழுத்தத்தினால் மூளையில் இரத்தக்குழாய் வெடித்து மாண்டார். அவர் இருதயம் தளர்ந்திருந்ததை ஜனங்கள் அறியார். நலமாயிருக்கிறார் என்றே அதுகாறும் சொல்லப்பட்டு வந்தது. அந்நாட்டு மரணங்களுக்கு இருதய நோயே முதற்காரணமாயிருந்தும், அது முதுமையோடு வரும் விதியென்று பலரும் எண்ணியிருந்தனர். 1948 ஜூன் 16-ஆம் தேதி ஜனாதிபதி ட்ரூமன் கையொப்பமிட்ட சட்டத்தினால் தேசிய இருதய ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அதன் ஆலோசனைச் சபையில் ஒயிட் முன்னின்று உழைத்தார். அவ்வாண்டே அவருடைய மாகாணத்திலுள்ள பிரேமிங்காம் என்னும் ஊரில் சர்க்கார் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கிற்று. 30 முதல் 62 வயது வரையுள்ள 5,209 ஆடவர் பெண்டிரை இரண்டாண்டுக்கொருமுறை சோதித்து, நோய் யாருக்கு வருகிறதென்று பொறுமையாய்க் காத்திருந்தனர். மருந்து கொடுக்கும் வேலையன்று அது. பார்த்து எழுதிவைக்கும் வேலை. உயர்ந்த இரத்த அழுத்தமும், இரத்தத்தில் மிகுந்த கொழுப்பும், புகைபிடித்தலும் அந்நோய்க்கு முன்னோடிகள் என்பது அதனாற் புலனாயிற்று.

ஏட்டிற் கண்டது ஜனங்கள் செவிக்கு எட்டவேண்டுமன்றோ? 1955 செப்டம்பர் 24-ஆம் தேதி ஜனாதிபதி ஐசன்ஹோவர் டென்வர் நகரில் மாரடைப்புற்றார். மறைக்கும் பழைய வழக்கத்தை இம்முறை கைவிட்டனர். அங்கு வரவழைக்கப்பெற்ற ஒயிட், பத்திரிகைப் பிரதிநிதிகளுக்கு மாரடைப்பு இன்னதென்று பாடம் சொல்வதுபோல் விளக்கினார். ஜனாதிபதிக்கு மலங்கழிந்த செய்தியையும் அவர் விட்டுவிடவில்லை! முகஞ்சுளித்தோரும் உண்டு. எனினும், அவர் செய்கைகளுள் இதனையே நாம் பெரிதென மதிக்கிறோம். சட்டமும் ஆராய்ச்சியும் புகாத வீடுகளில் அந்தப் பாடம் புகுந்தது. நோயினின்று தேறியவர் மீண்டும் உழைக்கலாம் என்று அவர் கூறிவந்தபடியே, ஐசன்ஹோவர் 1956-ஆம் ஆண்டுத் தேர்தலில் மறுபடியும் வென்றார்.

நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பிறரை ஏவிய ஒயிட், முதுமையிலும் தாமே அவ்வாறு செய்துவந்தார். 1960-களின் பிற்பகுதி தொடங்கி அந்நாட்டில் இருதய நோயால் மாள்வோர் வீதம் குறையலாயிற்று. அதனைச் சிறிது கண்டபின், 1973 அக்டோபர் 31-ஆம் தேதி, தம் 87-ஆம் வயதில் அவர் காலமானார். பாஸ்டனில் சார்ல்ஸ் ஆற்றங்கரையிலுள்ள சைக்கிள் பாதை அவர் பெயரால் வழங்குகிறது.