கடல் கடந்த செல்வத்திற்கு வங்கி கண்ட பெரியார்
எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார் (1908–1954)

செட்டிநாட்டு நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை ஆகிய தேசங்களிற் கொடுக்கல் வாங்கல் செய்து பெரும்பொருள் ஈட்டியதை நம் முதியோர் நன்கறிவர். அப்பொருள் தாயகம் வந்து என்னவாயிற்று? பர்மாத் தேக்குத் தூண்கள் தாங்கும் மாளிகைகளாயிற்று, நகையாயிற்று, கோயில் திருப்பணியுமாயிற்று. ஆயினும், பெரும்பங்கு கல்லிலும் மரத்திலும் நின்றுவிட்டது. இக்குறையை உணர்ந்து வழி கண்டவர் சிதம்பரம் செட்டியார்.

1908ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் பிறந்த அன்னார், தந்தையார் சர் முத்தையா செட்டியார் 1929இல் மறைந்தபோது, இருபத்தொரு வயதிலேயே குடும்பத் தொழிலை ஏற்றார். அது சோதனைக் காலம். உலகப் பொருளாதார மந்தத்தால் பர்மாவில் நெல் விலை வீழ்ந்தது. கடன்பட்டோர் பணத்திற்கு ஈடாக நிலத்தையே கொடுத்தனர். 1938 அளவில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்திற் காற்பங்கு செட்டிமார் கையில் இருந்தது. கையிலே காசு இல்லை! தனித்தனிக் கடைகளின் காலம் முடிந்தது என்பது தெளிவாயிற்று. அந்நியச் செலாவணித் தொழிலோ ஐரோப்பிய வங்கிகளின் வசமிருந்தது.

இந்நிலையில் 1937 பெப்ரவரி 10ஆம் நாள், காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூவிடங்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி திறக்கப்பட்டது. நிறுவியவருக்கு வயது இருபத்தெட்டே! இரங்கூனிற் கட்டிய பணத்தை உறவினர் காரைக்குடியிற் பெறலாம். பெற்றதை அங்கேயே வைப்பிலிடலாம். அவ்வைப்பு உள்ளூர் வணிகருக்குக் கடனாகும். பின்னர் மலாயா, சிங்கப்பூர், கொழும்பு ஆகிய இடங்களிலும் கிளைகள் தோன்றின.

யுத்தத்தின்போது, 1942இல், பர்மாவும் மலாயாவும் யப்பானியர் வசமாயின. அங்கிருந்த கிளைகள் மூடுண்டன. ஆயினும் வங்கி சாயவில்லை. தாயகத்து வைப்புகள் அதனைத் தாங்கின. 1947இல் இந்தியாவில் 38 கிளைகளும் வெளிநாடுகளில் 7 கிளைகளும் இருந்தன. 1954 மார்ச் 13ஆம் நாள் சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் நேர்ந்த விபத்தில் அன்னார் நாற்பத்தைந்தாம் வயதில் உயிர் நீத்தார். பர்மாவில் 1963இலும், இந்தியாவில் 1969இலும் வங்கிகள் அரசுடைமையாயின. அவர் நாட்டிய வங்கி இன்றும் நிலைத்துள்ளது.

இளைஞர்காள்! இன்று நம் குறிஞ்சாக்கேணி, கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளிலிருந்தும் பலர் மத்திய கிழக்கு நாடுகளில் வெயிலில் வாடி உழைத்துப் பணம் அனுப்புகின்றனர். வீடு வேண்டியதே. ஆனால் முழுவதையும் சுவரில் வைத்தால், அடுத்த தலைமுறையும் கப்பலேறவே வேண்டும். ஒரு பங்கேனும் வைப்பாகி, ஊரிலே படகாகவும் பட்டறையாகவும் வயலாகவும் பெருகட்டும். சிதம்பரம் செட்டியாரின் வாழ்வு நமக்குப் புகட்டும் பாடம் இதுவே.