கமரோன் அம்மையாரும் பெயரில்லாப் படங்களும்

1815ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கமரோன் அம்மையார், தமது 48ஆவது வயதிலேயே புகைப்படக் கருவியைக் கையிலெடுத்தார். மகள் அளித்த பரிசு அது. டெனிசன், டார்வின் முதலிய பெரியோரைப் படமெடுத்துப் புகழெய்தினார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தமையால் 1875இல் இலங்கை வந்து, நம் தொழிலாளரையும் படம் பிடித்தார். 1879இல் டிக்கோயாவில் காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கமானார்.

1877இல் விருந்தினராய் வந்த ஓவியர் மரியான் நோர்த்தின் படத்துக்குப் பெயருண்டு. நம் மக்களின் படங்களிலோ பெரும்பாலும் பெயரைக் காணோம். அழகைக் கண்ட கண், பெயரைக் கேட்கவில்லை.

பத்திரிகைப் புகைப்படக் கலை பயிலும் எனக்கு இதுவே முதற்பாடம். இளைஞர்களே, இன்று எல்லோர் கையிலும் கருவியுண்டு. கொழுந்தெடுக்கும் தாயைப் படமெடுக்குமுன் அனுமதி கேளுங்கள். எடுத்தபின் அவர் பெயரையும் எழுதி வையுங்கள்.