கரித்துண்டும் தாய்மாமனும்

இரண்டாமாண்டு, வேதியியல்

சுவரில் கிறுக்காத பிள்ளை எந்த வீட்டில் உண்டு? அடுப்புக்கரியோ செங்கல் துண்டோ கைக்குக் கிடைத்தால் போதும். யானையும் பூனையும் சுவரேறிவிடும். அடுத்து நடப்பதும் நாம் அறிந்ததே. முதலில் முதுகில் ஓர் அடி, பிறகு ஈரத்துணி. ஒரகடத்தை அடுத்து, வரிசை வீடு ஒன்றில் குடியிருக்கும் எங்கள் வீட்டில் அந்த அடியைக் கொடுத்தவன் நான். வாங்கியவள் என் தங்கை. இரவு ஷிப்டு முடிந்து வந்த அப்பா உறங்கிக்கொண்டிருந்தார். வெள்ளையடிக்கும் செலவை முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்களே என்பது என் கவலை. பாதி துடைத்த பிறகுதான் அது ஒரு கம்பெனிப் பேருந்து என்பதும், சன்னல்தோறும் தூங்கி வழியும் தலைகள் என்பதும் தெரிந்தன. மீதியையும் துடைத்துவிட்டேன்.

சில நாள் கழித்துக் கல்லூரி நூலகத்தில் ஓவியர் இராஜா இரவிவர்மாவின் வாழ்க்கையைப் படிக்க நேர்ந்தது. சுருக்கென்றது. அந்த வாழ்க்கையும் ஒரு சுவரில்தான் தொடங்குகிறது.

திருவிதாங்கூர் நாட்டில், திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ளது கிளிமானூர். அங்கிருந்த அரண்மனைக் குடும்பத்தில் 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் இரவிவர்மா பிறந்தார். அரண்மனை என்றதும் பொன்னும் மணியும் நம் கண்முன் நிற்கும். அவருக்கு வாய்த்த செல்வமோ வேறு. தாயார் உமாம்பாபாய் கவி புனைய வல்லவர். தந்தையார் நீலகண்டன் பட்டதிரிப்பாடு வடமொழியில் கற்றுத் துறைபோகியவர். வீட்டு முற்றத்தில் கதகளி ஆடுவர். தாய்மாமன் இராஜராஜவர்மா நம் தஞ்சாவூர்ப் பாணியில் படம் தீட்டுபவர்.

இத்தகைய வீட்டில் வளர்ந்த சிறுவன் கரித்துண்டை எடுத்ததில் வியப்பில்லை. விலங்குகளையும், அன்றாடம் கண்ட காட்சிகளையும் அரண்மனைச் சுவர்களில் எழுதித் தள்ளினான். வெள்ளைச் சுவர் பாழாகிறதே என்று வேலையாட்கள் முறையிட்டனர். மாமன் வந்தார். நான் செய்யாத ஒன்றை அவர் செய்தார். நின்று பார்த்தார். அடுத்துத் தம் வண்ணக் கிண்ணங்களின் பக்கத்திலேயே மருமகனை உட்கார்த்திக்கொண்டார்.

அக்காலத்தில் கடையில் வண்ணம் வாங்கும் வழக்கம் அங்கில்லை. இலை, பூ, மரப்பட்டை, மண் இவற்றிலிருந்து வீட்டிலேயே நிறம் எடுக்க வேண்டும். இரவிவர்மா முதலில் கையாண்டவை இவ்வண்ணங்களே. மாமன் முடிக்காமல் வைத்திருந்த படமொன்றில் மருமகன் தானாகவே ஒரு பறவையை வரைந்து சேர்த்தான் என்றும், அதைக் கண்ட மாமன் சினவாமல் மகிழ்ந்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதையாகவே இருக்கட்டுமே! எந்த மாமனைப் பற்றி இப்படியொரு கதை பிறக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

1862ஆம் ஆண்டு, பதினான்கு வயது மருமகனைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று ஆயில்யம் திருநாள் மன்னரிடம் சேர்ப்பித்தவரும் அம்மாமனே. மேனாட்டுத் தைல வண்ணம் அரசவையில் அப்போது புதிது. வேதியியல் மாணவன் என்ற முறையில் இங்கே ஒரு சொல். தைல வண்ணம் நீர்வண்ணம்போல் உலர்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, மெல்ல மெல்லக் கெட்டிப் படலமாக இறுகுகிறது. அதற்கு நாட்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் ஒரு நிறத்தை மற்றொன்றோடு குழைத்துக் கன்னத்தின் நிழலையும் பட்டுச் சேலையின் பளபளப்பையும் கொண்டுவரலாம். எவ்வளவு எண்ணெய், எந்தப் பூச்சு முதலில், எது பின்னர் என்பதெல்லாம் பார்த்துப் பழக வேண்டிய கைத்தொழில். அதை அறிந்தவர் அரசவை ஓவியர், மதுரை இராமசாமி நாயக்கர். அவர் கற்றுத்தர மறுத்துவிட்டார். நாயக்கரின் மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளை என்பவர்தாம் இரவு நேரத்தில் ஒருவருமறியாமல் வந்து சொல்லிக்கொடுத்தார் என்பர். 1868இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் மன்னரின் உருவத்தைத் தீட்ட வந்தார். அவரும் கற்பிக்க இசையவில்லை. தாம் தீட்டும்போது பார்த்துக்கொண்டிருக்க மட்டும் இடந்தந்தார். மாமனிடம் கண்ணைப் பழக்கிக்கொண்டவருக்கு அது போதுமானதாக இருந்தது.

பின் நிகழ்ந்தவை நாடறிந்தவை. 1873இல் சென்னைக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகை சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்துக்கு ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு வியன்னாவிலும் பரிசு. மறு ஆண்டு சென்னையில், இசைக்கருவி மீட்டும் தமிழ்ப் பெண்ணின் ஓவியம் பரிசு பெற்றது. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பத்து ஓவியங்கள் சென்றன.

ஆனால் பதக்கங்களைவிட எனக்குப் பெரிதாகப்படுவது 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம். கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரில் திவானாக விளங்கிய மாதவராவ், ஓவியங்களை அச்சிட்டுப் பரப்பலாமே என்று முன்னரே யோசனை கூறியிருந்தார். செருமானியத் தொழில்நுட்பர்கள் வந்தனர். கல்லச்சு முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல். ஒரே தாள் ஒவ்வொரு கல்லாக ஏறி இறங்க வேண்டும். வணிகத்தில் அவருக்கு நட்டமே மிஞ்சியது. சில ஆண்டுகளில் அச்சகம் கைமாறியது. எனினும் அதுவரை அரண்மனைகளில் தொங்கிய திருமகளும் கலைமகளும் குடிசைச் சுவர்களுக்கு இறங்கி வந்துவிட்டனர். நான் ஈரத்துணியால் துடைத்தேனே, அதே சுவரில் ஓர் ஆணியில் மளிகைக்கடைக் காலண்டர் தொங்குகிறது. அதில் வீணையோடு அமர்ந்திருக்கும் கலைமகள் அந்த அச்சுப்படங்களின் வழிவந்தவள்தான்.

மேனாட்டு முறையை அப்படியே பின்பற்றினார், நாட்டுக் கலையை மறந்தார் என்று பின்வந்த கலை விமரிசகர்கள் அவரைக் கடிந்தனர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. காலண்டர் பார்த்து வளர்ந்த எனக்கு அவரைக் குறைகூற மனம் வரவில்லை.

தாயார் மறைந்த பிறகு, அவர் இயற்றிய பார்வதி சுயம்வரம் என்னும் நூலை அச்சேற்றியவர் இரவிவர்மாதான். வீடு தந்ததை அவர் மறக்கவில்லை. 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் மறைந்தார்.

இவ்வளவில் முடித்திருப்பேன். ஆயின் அந்தக் கிளிமானூர் வீட்டில் படம் எழுதிய பிள்ளை அவர் ஒருவர் மட்டுமல்லர். தம்பி இராஜராஜவர்மாவும் ஓவியரே. அண்ணனோடு ஊர் ஊராகச் சென்று, உடன் உழைத்து, 1905இல் அண்ணனுக்கு முன்பே மறைந்தார். தங்கை மங்களாபாயும் தைல வண்ணத்தில் தேர்ந்தவர். பெண்கள் ஊர் ஊராகச் சென்று தொழில் செய்ய அக்கால வழக்கம் இடந்தரவில்லை. சுவரை விட்டுக்கொடுத்த வீடும் வாயிற்படியை விட்டுக்கொடுக்கவில்லை போலும். மங்களாபாய் வீட்டிலிருந்தே தீட்டினார். அண்ணனை அவர் தீட்டிய உருவப்படம் திருவனந்தபுரத்து ஓவியக்கூடத்தைச் சேர்ந்தது. உலகத்தாரின் முகங்களையெல்லாம் தீட்டியவரின் முகத்தைத் தீட்டிய கை, வீட்டுக்குள் இருந்த தங்கையின் கை.

மளிகைக்கடையில் கேட்டு வாங்கி வந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, சமையலறை மூலையில் சாத்தி வைத்திருக்கிறேன். நான் கல்லூரிக்குப் புறப்பட்ட பிறகு அதில் ஏதோ வரைகிறாளாம், அம்மா சொன்னார். நான் இருக்கும்போது என் தங்கை இன்னும் கரியைத் தொடுவதில்லை.