வேதாசலம் மறைமலையான வரலாறு

வடமொழியில் அசலம் என்றால் அசையாதது. அதுவே மலைக்கும் பெயராயிற்று. விருத்தம் என்றால் பழமை. இரண்டும் சேர்ந்து விருத்தாசலம். தேவார மூவர் பாடியபோது இவ்வூர் முதுகுன்றம். மலை எங்கே என்று கேட்கும் வெளியூர் நண்பர்களுக்கு, பெயரில் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த அசலத்தைத் தம் பெயரிலும் தாங்கியிருந்து, பின்னர் மலையாக்கிக் கொண்டவர் மறைமலை அடிகள்.

அவர் 1876 ஜூலை 15ஆம் நாள் நாகப்பட்டினத்தில் சொக்கநாத பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். திருக்கழுக்குன்றத்து இறைவனை வேண்டிப் பெற்ற பிள்ளையாதலின் வேதாசலம் என்று பெயரிட்டனர். தந்தையார் மறைவால் பள்ளிப் படிப்பு நான்காம் படிவத்தோடு நின்றது. பின்பு நாராயணசாமிப் பிள்ளையிடம் தமிழ் கற்று, 1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியரானார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். பட்டமில்லாமலே பட்ட வகுப்புக்குப் பாடம் சொன்ன இவரை எண்ணினால் வியப்பே மேலிடுகிறது.

அக்கல்லூரியில் உடன் பணியாற்றிய சூரியநாராயண சாஸ்திரியார், பரிதிமாற் கலைஞர் என்று தமிழ்ப் பெயர் புனைந்திருந்தார். சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞர். அவர் 1903இல் மறைந்தார். வேதாசலம் 1911இல் கல்லூரியை விட்டு விலகிப் பல்லாவரத்தில் துறவு வாழ்வு மேற்கொண்டார். வள்ளலார் பாடலொன்றில் தேகம் என்ற சொல்லுக்கு மாறாக யாக்கை என்று அமைந்திருந்தால் இன்னும் இனிக்குமே என்று தம் மகள் நீலாம்பிகையிடம் கூறியதே தனித்தமிழ் இயக்கத்தின் வித்து என்பர். 1916இல் சுவாமி வேதாசலம் மறைமலை அடிகளானார். வேதம் மறை, அசலம் மலை, சுவாமி அடிகள். பொருளில் ஓர் அணுவும் குறையவில்லை!

இதைப் படித்தபோது என் பெயர் நினைவுக்கு வந்தது. மங்களூரில் என் தாத்தாவின் பெயர் பழமலை. பேரன் என்றால் பெயரன். ஆகவே அவர் பெயர் எனக்கு வர வேண்டும். ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாகாதே! அதற்காக அதே பெயரை வடமொழியாக்கி விருத்தகிரி என்று வைத்தார்கள். அடிகளாரைப் பின்பற்றி நானும் தமிழுக்குத் திரும்பலாமென்று வீட்டில் சொன்னேன். தாத்தாவுக்கு மகிழ்ச்சி. அம்மாதான், இனி உன்னை எப்படியடா கூப்பிடுவேன் என்று கேட்டார்கள். இன்னும் விடை சொல்லவில்லை.

அடிகளார் பிள்ளைகளின் பெயர்களையும் விட்டுவைக்கவில்லை. மாணிக்கவாசகம் மணிமொழியானார், திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பானார். முன்னது காதுக்கு இனிது; பின்னதை வாய்விட்டு அழைப்பது சற்றுக் கடினம் என்பது என் கருத்து. தாம் நடத்திய ஞானசாகரம் இதழை அறிவுக்கடலாக்கினார். முன்னர் எழுதிய நூல்களையும் மறுபதிப்பில் வடசொல் களைந்து திருத்தினார்.

1950 செப்டம்பர் 15இல் அடிகளார் மறைந்தார். விருத்தாசலத்தில் இரயிலேறிச் சென்னைக்குச் செல்வோர் செங்கல்பட்டைக் கடந்தபின் மறைமலை நகர் நிலையத்தைக் காணலாம். திருக்கழுக்குன்றமும் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.